அசைவு பூஜ்யம்

தொமியேயைக் குளிப்பாட்ட ஒரு வேனில் மூன்று பேர் வருவார்கள். தொட்டியையும் அவர்களே தூக்கிக்கொண்டு வந்து, கூடத்துப் பாய் நனையாமல் பிளாஸ்டிக் விரித்து, அதன் மேல் வைத்து வெந்நீர் நிரப்புவார்கள். "இப்ப இடது கையைத் தொடப்போறோங்க, மன்னிக்கணும். இப்ப முதுகுங்க, ரொம்ப மன்னிக்கணும்" என்று உறுப்புக்கு ஒரு மன்னிப்பாகக் கேட்டுக்கொண்டே கழுவுவார்கள். தங்கமான மனிதர்கள். அவர்கள் போன பிறகு தொமியே மாலைவரை யாரிடமும் பேசமாட்டாள். அவள் பேசாமலிருந்தால் அந்த வீட்டில் ஏதோ பெரிய கோளாறு என்று அர்த்தம்.

பக்கவாதம் வந்து அவளுடைய இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர்கள் அன்றைக்கே உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். கணவர் கொகுரேதான் அவளைத் தூக்கித் தொட்டியில் இறக்கிக் குளிப்பாட்டி வந்தார். தை மாதத்தில், வாசலை அடைத்துக்கொண்டிருந்த உறைபனியை அள்ளும்போது வழுக்கி விழுந்தார். வலது தோளில் 'டப்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அந்தக் கையால் சோயா சாஸ் பாட்டிலைக்கூட அலமாரியிலிருந்து எடுக்க முடியவில்லை; வேன் வர ஆரம்பித்தது.

"தோள் தசைநார் கிழிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்" என்றார் எலும்பு டாக்டர் உசுய். "எவ்வளவு கிழிஞ்சிருக்கு, தைக்க முடியுமான்னு எம்.ஆர்.ஐ. படம் பார்த்தாத்தான் தெரியும். நாள் ஆக ஆக தசை சுருங்கிக் கொழுப்பாயிடும். அப்புறம் நான் ஊசியும் நூலுமா நின்னாலும் பிரயோஜனம் இல்ல."

"தைச்சா, ஆளைத் தூக்க முடியுமா டாக்டர்?"

"யாரை?"

"என் வீட்டுக்காரியை."

உசுய் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதி நீட்டினார். "தெளிவான படம் கொண்டாங்க" என்றார்.

முதியோர் பராமரிப்பு அதிகாரி ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். உங்கள் தோள் தேறாவிட்டால் தொமியே அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதுதான் எல்லோருக்கும் நல்லது, செர்ரி பூக்கும் சமயத்தில் ஓர் இடம் காலியாகும் என்று மிக மென்மையாகச் சொல்லியிருந்தார். அந்த இடம் எப்படிக் காலியாகும் என்று தொமியே கேட்டாள். அவர் தேநீரைக் குடித்தார்.

ஆக, ஒரு படம் வேண்டும். அசையாமல் கொஞ்ச நேரம் படுத்திருந்தால் போதும். இதைவிடச் சுலபமான காரியம் உலகத்தில் உண்டா என்று நினைத்துக்கொண்டுதான் கொகுரே, ஒகினோஹரா நகர மருத்துவமனைக்குப் போனார்.

வாசலிலேயே ஒரு பெரிய பலகை. 'நோயாளி அசைவு பூஜ்யம் — தொடர் சாதனை' என்று எழுதி, கீழே நாள் எண்ணிக்கை மின்விளக்கில் ஒளிர்ந்தது. கட்டுமானத் தளங்களில் விபத்தில்லாத நாட்களைக் காட்டுவார்களே, அதே மாதிரி. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது ஒரு நோயாளி அசைந்தால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். பலகை வைத்த நாளிலிருந்து ஒருமுறைகூடப் போகவில்லை.

உள்ளே 'அசைவு பூஜ்ய மாதம்' நடந்துகொண்டிருந்தது. எல்லோர் மார்பிலும் ஒரு பச்சை வில்லை. காத்திருப்போர் கூடத்தில், பாறை வேடம் போட்ட 'இஷி-குன்' என்னும் கல்லுத் தம்பி குதித்துக் குதித்துக் கையாட்டி, அசையாமலிருப்பதன் அவசியத்தை நோயாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தது. குதித்த வேகத்தில் குடை வைக்கும் தாங்கியைத் தட்டிவிட்டது.

பிறகு பியானோ இசைக்குக் கூட்டாக 'அசையாப் பயிற்சி'. காலை ரேடியோ உடற்பயிற்சிக்கு நிற்பதுபோல் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். "ஒன்று, இரண்டு, அசையாதே! மூன்று, நான்கு, இன்னும் அசையாதே!" பயிற்சியின் முடிவில் கொகுரேவுக்கு வேர்த்துவிட்டது.

ஸ்கேன் அறையில் முரோயி என்ற இளம்பெண் இருந்தாள். தவறு நேராமலிருக்க அந்த ஊர் ஊழியர்கள் செய்கிற வழக்கப்படி, ஒவ்வொன்றையும் விரலை நீட்டிச் சுட்டி உரக்கச் சொன்னாள்: "வலது தோள், சரி! உலோகம் இல்லை, சரி! பட்டை இறுக்கம், சரி!" கொகுரேவும் பழைய உத்தியோகப் பழக்கதோஷத்தில் நல்ல கையின் விரலை நீட்டி "சரி!" என்றார். முழங்கைக்கடியில் சின்னத் தலையணை வைத்து, தோளில் கவசம் மாதிரி ஒன்றைக் கட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, அவரைக் குழாய்க்குள் தள்ளினாள். தோள் வலிக்கவே இல்லை. அந்தப் பெண் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

ஹெட்போனில் குரல் வந்தது.

"களைப்பான நேரத்தில் தங்கள் மேலான ஒத்துழைப்புக்கு நன்றி. இப்போது முதல் படம் தொடங்குகிறது. அசையாமல் இருக்கும்படி வேண்டிக்கொள்கிறோம்."

நல்ல வார்த்தை சொல்கிறவர்களுக்குப் பதில் மரியாதை செய்ய வேண்டாமா? கொகுரே படுத்தபடியே தலையைத் தூக்கி வணங்கினார். இயந்திரம் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. பாதிப் படத்தில், "மிக நன்றாக ஒத்துழைக்கிறீர்கள். மனமார்ந்த நன்றி" என்றது குரல். இதற்குச் சும்மா தலையாட்டினால் போதாது. தோள்வரை தூக்கி வணங்கினார்.

இரண்டு நாள் கழித்து உசுய் படத்தை விளக்குத்திரையில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது தோளா, கலங்கின மிசோ சூப்பா?"

கொகுரே குனிந்து மன்னிப்புக் கேட்டார். சூப்புக்கு எதற்கு மன்னிப்பு என்று அவருக்கே தெரியவில்லை. நாற்பது வருஷம் நகர எரிவாயு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்தவர். யார் எதைப் பார்த்து முகம் சுளித்தாலும் கழுத்து தானாக மடங்கிவிடும்.

மருத்துவமனையிலும் சும்மா இருக்கவில்லை. 'அசைவு பூஜ்ய ஊக்குவிப்புக் குழு' முழுவதும் வரிசையாக வந்து நின்றது. நடுவில் துணை இயக்குநர் தொகாஷி. எல்லோரும் ஒரே நேரத்தில் இடுப்பிலிருந்து வளைந்தார்கள். கொகுரேவும் வளைந்தார். அவர்கள் நிமிரட்டும் என்று இவர் காத்திருந்தார். இவர் நிமிரட்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். யாருக்கோ முதுகு பிடித்துக்கொண்டு "அம்மா" என்று முனகிய பிறகுதான் அந்தச் சபை நிமிர்ந்தது.

"தங்கள் படம் சற்றே இளகிவிட்டது" என்றார் தொகாஷி.

"நான் அசைஞ்சுட்டேனுங்களா?"

குழுவில் ஒரு நடுக்கம் ஓடியது. முரோயி வாயைத் திறந்தாள். பக்கத்திலிருந்தவர் அவள் காலை மிதித்தார்.

"அப்படிச் சொல்லாதீங்க கொகுரே சான்" என்றார் தொகாஷி பதறிப்போய். "எங்க மருத்துவமனைல நோயாளி அசையறதில்ல. பலகையைப் பார்த்தீங்கல்ல? படம் இளகறது வேற. நோயாளி அசையறது வேற. அசைஞ்சீங்கன்னு ஒரு விருந்தாளியை எங்க வாயால சொல்றது மரியாதையும் இல்ல."

"அப்ப ஏன் இளகிச்சு?"

"எங்க உபசாரம் போதலை. உங்க மனசு முழுசா நிம்மதி அடையல. அடுத்த தடவை இன்னும் மரியாதையா அறிவிப்போம்."

சொன்னதைச் செய்தார்கள். மரியாதைத் துணைக்குழு ஒன்று கூடி அறிவிப்பைத் திருத்தியது. அடுத்த ஸ்கேனுக்குள் ஹெட்போனில் உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளரின் தேன் குரல் பதிவு செய்யப்பட்டு, தானாகவே பேச ஆரம்பித்திருந்தது. "பனி விலகாத இந்தப் பருவத்தில் தாங்கள் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறோம்" என்று பருவகால விசாரிப்பில் தொடங்கி, இயந்திரத்தின் இரைச்சலுக்கு வருத்தம், அறையின் குளிருக்கு வருத்தம், வருத்தம் தெரிவிப்பதால் ஏற்படும் தொந்தரவுக்கு வருத்தம் என்று ஒவ்வொரு படத்தின் நடுவிலும் நாலைந்து தடவை வந்தது. கொகுரேவால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒன்றுக்கு வணங்கி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். வெளியே வந்தபோது மாரத்தான் ஓடியவர் மாதிரி மூச்சு வாங்கினார்.

"முன்னாடி சூப்புன்னாவது தெரிஞ்சுது" என்றார் உசுய்.

செர்ரி மொட்டுகளைப் பற்றிச் செய்தியில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பராமரிப்பு அதிகாரி தொலைபேசியில் மென்மையாக விசாரித்தார். தொமியே அன்று சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு படம் எடுக்கத் துப்பில்ல" என்றாள் கடைசியில். அவரையா, மருத்துவமனையையா என்று சொல்லவில்லை.

அந்த வார்த்தை கொகுரேவுக்குச் சுருக்கென்று தைத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, புகார் கொடுக்கிற பக்கம் போய் நிற்பது என்று முடிவு செய்தார். மேசையைத் தட்டிப் பேச வேண்டும் என்று பேருந்தில் வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார்.

மருத்துவமனைப் புகார்ப் பிரிவில் ஓர் இளைஞன் இருந்தான். கொகுரே உட்காருவதற்குள் எழுந்து நின்று அவன் குனிந்த குனிவு இருக்கிறதே, நெற்றி மேசையில் பட்டுவிடும் போலிருந்தது. தொழில் தெரிந்தவன். கொகுரேவின் கோபம் அங்கேயே கரைந்தது. கால் மணி நேரத்தில், மருத்துவமனைக்கு இவ்வளவு சிரமம் கொடுத்ததற்காக அவர்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பையனின் குனிவில் கழுத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று ஒரு யோசனையும் சொன்னார்.

ஆனாலும் புகார் மேலே போயிற்று. தொகாஷியே தன் அறைக்கு அழைத்துப் பேசினார். சுவரெங்கும் வாசகப் போட்டியில் பரிசு பெற்ற முழக்கங்கள் தொங்கின.

"கொகுரே சான், உங்க கவலை எனக்குப் புரியுது. நோயாளி அசையாம இருந்தா படம் தெளிவா வரும். படம் தெளிவா வந்தா நோய் தெரியும். ஆனா வெறும் நோய் தெரியறதுக்காக நாங்க இந்த இயக்கத்தை ஆரம்பிக்கல. அது எந்த மருத்துவமனையும் செய்யறதுதானே! எங்க லட்சியம் அசைவு பூஜ்யம். அதை நாங்க முதல் நாளே அடைஞ்சுட்டோம். இப்ப அதைக் காப்பாத்திட்டிருக்கோம்."

"என் படம் இன்னும் மங்கலாத்தானே இருக்கு?"

"மங்கலா இருந்தாலும் அசைவில்லாத படம். மத்த ஊர்ல எடுத்திருந்தா அசைவோட மங்கலா இருந்திருக்கும்."

கொகுரேவுக்குத் தலை சுற்றிக்கொண்டு வந்தது.

"மூணாவது தடவை எடுத்துத் தருவீங்களா?"

"தாராளமா! பலகைல ஆயிரமாவது நாள் வருது. மேயர் வர்றார். அன்னிக்கு உங்களுக்கு ஸ்கேன் வச்சா சிறப்பா இருக்கும். அன்னிக்கு மட்டும், தயவுசெஞ்சு..." அவர் மேலே சொல்ல வந்த சொல்லை விழுங்கிக்கொண்டார். "தயவுசெஞ்சு, இளகாம பார்த்துக்கங்க."

மூன்றாவது தடவை தொமியே தானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நிற்க அவளுக்கு ஒரு கால்தான் இருந்தது என்பதால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நின்றாள். கூடத்தில் மேயர் உரையாற்ற, கல்லுத் தம்பி மேடையில் குதிக்க, குழு முழுவதும் அங்கேயே கைதட்டிக்கொண்டிருந்தது. ஸ்கேன் பகுதியில் முரோயி மட்டும். கொகுரேவை உள்ளே தள்ளிவிட்டு வந்தவள், கட்டுப்பாட்டு அறை வாசலில் நாற்காலியை முட்டிக்கொண்டு நின்ற தொமியேயைப் பார்த்தாள்.

"இங்க வரக்கூடாதுங்க அம்மா."

"நான் எங்க வந்தேன்? வாசல்லதானே இருக்கேன். நீ வேலையைப் பாரு."

பதிவுக் குரல் தொடங்கியது; கட்டுப்பாட்டு அறை ஸ்பீக்கரிலும் கேட்டது. "மொட்டுகள் அரும்பும் இந்த இனிய பருவத்தில்..." கண்ணாடிக்கு அப்பால், குழாயிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கொகுரேவின் பாதங்கள் ஒருமுறை எக்கி இறங்கின. இயந்திரம் அடிக்க ஆரம்பித்தது. "தங்கள் பொறுமைக்கு எவ்வாறு நன்றி சொல்வதென்றே..." பாதங்கள் மறுபடி எக்கின.

தொமியே சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பில் நாற்காலியே குலுங்கியது. பிறகு சட்டென்று சிரிப்பு நின்று முகம் சிவந்தது.

"அடப்பாவிங்களா! அந்த மனுஷன் உள்ள படுத்துக்கிட்டு வணக்கம் போட்டுட்டிருக்காரு. ஏ.டி.எம். மெஷின் நன்றின்னா அதுக்கே குனியற ஆளு! இது உங்க யாருக்கும் தெரியலையா?"

முரோயி தலை குனிந்தாள். "முதல் நாளே தெரியும்ங்க. நிறைய பேரு இப்படித்தான். ஆனா 'அசைஞ்சாங்க'ன்னு நாங்க சொல்லக்கூடாது. சொன்னா பலகை பூஜ்யமாயிடும்."

"அந்தக் குரலை நிறுத்து."

"நிறுத்த முடியாது, தானா வருது. இந்த மைக்ல யாராவது பேசிட்டிருந்தா மட்டும்தான் வராது. கொஞ்சம் இடைவெளி விட்டாலும் மறுபடி ஆரம்பிச்சிடும். நான் பேசினா, துணைக்குழு எழுதிக்கொடுத்ததைத்தான் பேசணும்."

"நான் பேசினா?"

முரோயி யோசித்தாள். கூடத்திலிருந்து கைதட்டல் கேட்டது. "நோயாளியோட சம்சாரம் என்ன பேசணும்னு அவங்க இன்னும் எழுதல" என்றாள். "ஆனா நாலு படம் எடுக்கணும். அவ்வளவு நேரம் நிறுத்தாம பேசணுமே அம்மா..."

"நிறுத்தாமயா? கல்யாணமான நாள்லேருந்து அந்த மனுஷன் நிறுத்துன்னுதான் கெஞ்சிட்டிருக்காரு. கொண்டா இப்படி."

மைக்கை வலது கையில் பிடித்துக்கொண்டாள். முரோயி முதல் படத்தை மறுபடியும் தொடங்கினாள்.

"ஏங்க! காது கேக்குதா? நான்தான். பதில் சொல்ல வேண்டாம், இத்தனை வருஷத்துல என்னைக்கு சொல்லியிருக்கீங்க? பனி அள்ள எந்த ஜோடைப் போட்டுக்கிட்டுப் போனீங்க? தேஞ்சுபோன ஜோடு! புதுசு டப்பாவுல தூங்குது. எதுக்கு எடுத்து வச்சிருக்கீங்க, உங்க சவ ஊர்வலத்துக்கா? டோஃபு வாங்கிட்டு வான்னா கெட்டியானதை வாங்கறீங்க, கெட்டியானதைச் சொன்னா பட்டு மாதிரி இருக்கிறதை வாங்கறீங்க..."

முரோயி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். இரண்டு பாதங்களும் செதுக்கி வைத்ததுபோல் இருந்தன.

ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்று இது. உலகத்தில் எல்லோருக்கும் குனிகிற கொகுரே, தொமியே திட்டும்போது மட்டும் இம்மியும் அசையமாட்டார். தலையை ஆட்டினால் 'என்ன மண்டையை ஆட்டறீங்க' என்று அதற்கொரு திட்டு விழும். பெருமூச்சு விட்டால் அதற்கு வேறு. ஆடாமல் அசையாமல், மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஒரே சுற்றில் முடியும். இந்தக் கலையை அவர் புதுமாப்பிள்ளையாக இருந்தபோதே கற்றுக்கொண்டார்.

இரண்டாவது படம் அவருடைய தம்பியின் கல்யாணத்தில் குடித்துவிட்டுப் பாடியதைப் பற்றிய விசாரணையோடு முடிந்தது. மூன்றாவதில் திட்டு அவருடைய அம்மா பக்கம் போயிற்று. நான்காவது படத்தின் பாதியில் தொமியே மைக்கை மடியில் வைத்துவிட்டுக் கையை உதறினாள். அந்த ஒரு நொடியில் "தங்கள் மேலான..." என்று தேன் குரல் தலையை நீட்டியது. முரோயி பேசும்படி கையால் ஜாடை காட்டித் தவித்தாள்.

"மூடு வாயை!" என்றாள் தொமியே, அந்தக் குரலைப் பார்த்து. பிறகு கொஞ்சம் தணிந்து, "ஏங்க. அந்த மூணு பேரும் முள்ளங்கி கழுவற மாதிரி என்னைக் கழுவறாங்க. நல்ல பிள்ளைங்கதான். ஆனா தொடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேக்கறாங்க. நீங்க கேக்கமாட்டீங்க. உங்க பாட்டுக்குத் தூக்கிப் போடுவீங்க. சோப்புத் தண்ணியைக் கண்ணுல ஊத்துவீங்க. என்னை அந்த இல்லத்துக்கு அனுப்பிடாதீங்க. தோளை ஒழுங்கா காட்டுங்க. காட்டினாத்தானே தைப்பாங்க" என்றாள்.

முரோயி திரையைப் பார்க்கவே பயந்தாள். இந்தப் பேச்சுக்கு எந்த மனிதன்தான் அசையாமலிருப்பான்?

கொகுரே அசையவில்லை. கண்ணிலிருந்து வழிந்தது காதுப்பக்கம் ஹெட்போனுக்குள் இறங்கிற்று. தோளைப் படம் எடுக்கும் இயந்திரத்துக்குக் கண்ணீர் தெரியாது என்பது நல்லதாகப் போயிற்று.

உசுய் படத்தை விளக்குத்திரையில் மாட்டி, மூக்கு உரசும்படி குனிந்து பார்த்தார். "அடடா, என்ன துல்லியம்!" என்றார் பிறகு. "கிழிசல் ஓரம்கூடத் தெரியுது. தைக்கலாம். இன்னும் ஒரு மாசம் போயிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்."

செய்தி பரவியதும், தொகாஷி இருவரையும் மேடையேற்றினார். ஆயிரம் நாள் உழைப்பின் பலன் இந்தப் படம் என்று பேசினார். குழு, துணைக்குழு, கல்லுத் தம்பி எல்லோருக்கும் நன்றி சொன்னார். முரோயியின் பெயர் விட்டுப்போயிற்று. தொமியேயின் திட்டைப் பதிவு செய்து இனி எல்லா நோயாளிகளுக்கும் போடப் போவதாகவும், அதற்காக 'அன்பான கண்டிப்புத் துணைக்குழு' ஒன்று அமைவதாகவும் அறிவித்து, மைக்கை அவளிடம் நீட்டினார்.

"மொத்தமா திட்டினா ஒருத்தனுக்கும் உறைக்காது" என்றாள் தொமியே. "ஒவ்வொருத்தனுக்கும் அவனவன் செஞ்சதைச் சொல்லித் திட்டணும். அதுக்கு அவன்கூட இருந்திருக்கணும்."

பலத்த கைதட்டல். துணைக்குழு அந்த வாரமே கூடி, தொமியேயின் சொற்களை மரியாதை மொழியில் திருத்தியது. இப்போது அங்கே ஸ்கேனுக்குப் போகிறவர்களின் ஹெட்போனில், "தாங்கள் வாங்கி வந்த டோஃபு குறித்துப் பணிவுடன் ஆட்சேபிக்கிறோம்" என்று தேன் குரல் சொல்கிறது. பாதங்கள் எக்கி இறங்குகின்றன. பலகையில் எண் ஏறிக்கொண்டே இருக்கிறது.

அறுவைச் சிகிச்சை, கைக்கட்டு, தோள் பயிற்சி எல்லாம் முடிய இலையுதிர்காலம் ஆகிவிட்டது. வேன்காரர்கள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசி மன்னிப்பையும் கேட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் மாலை கொகுரே தொமியேயைத் தூக்கினார். தொட்டியில் கழுத்துவரை இறக்கினார்.

வெந்நீருக்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள். துண்டை எந்த முட்டாள் இப்படி மடிப்பான், சோப்பு ஏன் பூப்போல மணக்கிறது, பழையது என்ன ஆயிற்று, ஜன்னலை யார் திறந்து வைத்தது என்று ஒவ்வொன்றாக, விஸ்தாரமாக. கொகுரே தொட்டி ஓரத்தில் சின்ன ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கை மட்டும் சுவரிலிருந்த கொதிகலனின் பொத்தானுக்கு அவ்வப்போது போய் வந்தது. அவள் திட்டி முடிக்கும்வரை தண்ணீர் ஆறாமல் பார்த்துக்கொண்டார்.